மஞ்சளுக்குக் கெடு உண்டா? கொலராடோ மலைச்சாலைகளில் ஆஸ்பென் இலையுதிர்காலப் படங்கள்

செப்டம்பர் 9: வாசகர் ஒருவரின் கேள்வி

"ஹியூஸ்டனில் இருக்கிறேன். எனக்கு விடுப்பு அக்டோபர் 3 முதல் 8 வரைதான் கிடைத்திருக்கிறது. கொலராடோவின் கெப்ளர் கணவாயில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாவது செப்டம்பர் கடைசி வாரம் என்றும், உச்ச வாரத்தைத் தவறவிட்டால் போவதே வீண் என்றும் எல்லோரும் சொல்கிறார்கள். பயணத்தைக் கைவிட்டுவிடலாமா? சென்ற ஆண்டு எடுத்த படங்களில் மலைச்சரிவு முழுவதும் அரைத்த மஞ்சளைப் பூசியது போல இருக்கிறது. ஓர் இலைகூடத் தனியாகத் தெரியவில்லை. இதற்குக் காரணம் கேமராவா, நானா?"

செப்டம்பர் 10

கைவிடாதீர்கள். உச்ச வாரம் என்பது மரங்கள் கூடி எடுத்த முடிவன்று. தங்கும் விடுதிகளுக்கும் செய்தித்தாள்களுக்கும் ஒரு தேதி தேவைப்படுவதால் உண்டான வழக்கு அது. ஆஸ்பென் காட்டைத் தனித்தனி மரங்களின் கூட்டமாகப் பார்க்கக் கூடாது. ஒரே வேரிலிருந்து நூற்றுக்கணக்கில் முளைத்தெழும் தண்டுகள் சேர்ந்து ஒரு குடும்பமாகின்றன. மரபணுவால் அவை எல்லாம் ஒன்றே. யூட்டாவின் ஃபிஷ்லேக் தேசியக் காட்டில் 'பாண்டோ' என்று பெயரிடப்பட்ட ஒரே ஆஸ்பென் 106 ஏக்கரில் ஏறத்தாழ 47,000 தண்டுகளுடன் நிற்கிறது. கெப்ளர் சாலையில் நீங்கள் பார்க்கும் சரிவுகளில் இத்தகைய குடும்பங்கள் பல, அதைவிடச் சிறிய அளவில், ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. ஒரு குடும்பம் முழுவதும் ஒரே நாளில் நிறம் மாறத் தொடங்கும். பக்கத்துக் குடும்பம் அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் விழித்துக்கொள்ளும். சில குடும்பங்களின் இலையில் பச்சையம் சிதையும்போது அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமி மட்டும் தெரிகிறது; வேறு சிலவற்றில் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி புதிதாக உண்டாவதால் அவை செம்மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறுகின்றன.

ஆகவே 10,000 அடி உயரத்திலுள்ள கணவாயிலிருந்து மேற்கே 133ஆம் நெடுஞ்சாலையை நோக்கி ஏறத்தாழ 24 மைல் இறங்கினால், ஒரே நாளில் மொட்டைக் காட்டையும் முழு மஞ்சளையும் இன்னும் மாறாத பச்சையையும் காணலாம். முதலில் மேலே மாறும். பிறகு கீழே இறங்கும்.

செப்டம்பர் 10, இரவு

மேலே எழுதியதன் கடைசி வாக்கியத்தை அப்படியே நம்ப வேண்டாம். பொதுவாக அது உண்மைதான். ஆனால் ஒரு குடும்பத்தின் சுபாவம் உயரத்தையும் மீறும். கணவாய்க்கு அருகிலேயே அக்டோபர் தொடக்கம் வரை பிடிவாதமாகப் பச்சையாக நிற்கும் ஒரு கூட்டத்தை எனக்குத் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் அதைப் பார்த்தவுடன், வகுப்பில் கடைசி வரிசையில் எழுதாமல் உட்கார்ந்திருக்கும் பையனின் நினைவுதான் வருகிறது.

செப்டம்பர் 12

இப்போது அரைத்த மஞ்சள் விவகாரத்துக்கு வருகிறேன். குற்றம் இருவருக்கும் பாதிப் பாதி.

கேமராவுக்கு மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்த கலவை. நீலம் மிகக் குறைவு. வெயிலில் ஒளிரும் ஆஸ்பென் இலையில் சிவப்பு அலைவரிசை எல்லாவற்றுக்கும் முன்னால் நிரம்பி வழிந்துவிடும். ஆனால் கேமராவின் பின்திரையில் பலர் பார்ப்பது மொத்த ஒளிர்வுக்கான ஹிஸ்டோகிராமைத்தான், அதாவது படத்தில் இருளும் ஒளியும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தைத்தான். அது பச்சைக்கே அதிக எடை கொடுப்பதால் எல்லாம் நலமாக இருப்பதாகச் சாதிக்கும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை மாற்றி வைத்துப் பாருங்கள். சிவப்பு மட்டும் வலப்புறச் சுவரில் முட்டி நிற்பது தெரியும். ஒளியை ஒரு ஸ்டாப்பில் மூன்றில் இரண்டு பங்கு குறைத்தாலே பெரும்பாலும் போதும் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). இலைக்குப் பின்னால் சூரியன் இருந்தால் ஒரு முழு ஸ்டாப். கேமரா பதப்படுத்தாமல் தரும் ரா கோப்பில் எடுத்தால் நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், வழிந்துபோன சிவப்பை மீட்பது கடினம்.

உங்கள் பங்குக் குற்றம் வீட்டில் நடந்தது. நிறச்செறிவைக் கூட்டக் கூட்ட, மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச நீலமும் பூஜ்யத்தில் போய் நிற்கிறது. மஞ்சள் இலையின் நரம்பும் மடிப்பும் அந்தக் கொஞ்ச நீலத்தில்தான் ஒளிந்திருக்கின்றன; அதைத் துடைத்துவிட்டால் எஞ்சுவது வெறும் பூச்சு. இரவு முழுவதும் திரையின் முன் உட்கார்ந்து திருத்தினால், காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்ற நிலை வந்துவிடும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை தானாகப் போகும். நான் ஒரு நாள் கழித்துக் காலையில் பார்த்துவிட்டு, செறிவைப் பாதியாகக் குறைக்காத படம் ஒன்றுகூட இல்லை.

ஒளிக்கேற்ப நிறத்தைக் கேமரா தானே சரிசெய்யும் தானியங்கி வெண்சமநிலையையும் அணைத்துவிடுங்கள். சட்டகம் முழுவதும் மஞ்சளாக இருந்தால் கேமரா அதை விளக்கொளியின் கோளாறு என்று எண்ணி நீலத்தைக் கலந்து சரிசெய்யப் பார்க்கும்.

செப்டம்பர் 15

போலரைசர் வடிகட்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லென்ஸிலேயே ஒட்டிவிடுங்கள் என்று முதலில் எழுதி, பிறகு அழித்துவிட்டேன்.

ஆஸ்பென் இலையின் மேற்பரப்பு பளபளப்பானது. வானத்தின் வெண்மை அதில் பட்டுத் தெறித்து நிறத்தை வெளிறச் செய்கிறது. போலரைசரைத் திருப்பினால் அந்தப் பளபளப்பு விலகி உள்ளிருக்கும் மஞ்சள் தெரியும். மேகமூட்டமான நாளிலும் இது வேலை செய்யும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் அகலக் கோண லென்ஸில் அதை மாட்டி வானத்தைச் சேர்த்து எடுத்தால் வேறு கதை. சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானம்தான் மிகுதியாகக் கருக்கும்; அகலச் சட்டகத்தில் அந்தப் பகுதி மட்டும் மைபூசியது போலத் தெரியும். டல்லஸ் டிவைட் என்ற கணவாயிலிருந்து ஸ்னெஃபெல்ஸ் மலையை அப்படி எடுத்த என் முதல் படத்தை வரவேற்பறையில் பெரிதாக மாட்டி வைத்திருந்தேன். விருந்தாளி ஒருவர் "அந்தப் பக்கம் மட்டும் மழையா?" என்று கேட்டார். மறுநாளே கழற்றிவிட்டேன்.

சூரியனை நோக்கி நின்று, ஒளி இலையை ஊடுருவி வருவதை எடுக்கும்போதும் போலரைசரைக் கழற்றிவிடுங்கள். அங்கே விலக்க வேண்டிய பளபளப்பு அதிகமில்லை. ஒன்றரை ஸ்டாப் ஒளியை இழப்பதுதான் மிச்சம்.

செப்டம்பர் 16

சாலைகள். கெப்ளர், குனிசன் மாவட்டத்தின் 12ஆம் எண் சரளைச் சாலை. காய்ந்திருக்கும்போது சாதாரணக் கார் போதும். ரிட்ஜ்வே ஊருக்குப் பக்கத்து ஆவுல் கிரீக் கணவாய்ச் சாலையும் காய்ந்த நாளில் அவ்வாறே. டல்லஸ் டிவைடுக்கும் டெல்லுரைடுக்கும் இடையே மலைமேல் போகும் லாஸ்ட் டாலர் சாலைக்குத் தரையிலிருந்து உயர்ந்த வண்டி வேண்டும். மழை பெய்துவிட்டால் அந்த உயரமும் உதவாது. அங்குள்ள களிமண் நனைந்தால் சக்கரத்தின் பள்ளங்களை அடைத்துக்கொண்டு, டயரை வழுவழுப்பான உருளையாக்கிவிடுகிறது. ஒரு முறை மாலை மழைக்குப் பிறகு, பிரேக்கை அழுத்தியும் வண்டி தன் விருப்பத்துக்கு ஓரப் பள்ளத்தை நோக்கிப் போனதை நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே பார்த்தேன். அந்த வழியாக வந்த பண்ணைக்காரர் ஒருவர் சங்கிலி போட்டு இழுத்துவிட்டார். முன்சக்கரத்தை ஒரு பார்வையும் என் முக்காலியை ஒரு பார்வையும் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுப் புறப்படுங்கள். செப்பனிடாத சாலையில் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை பலவற்றில் இருக்கிறது. வண்டியை உயர்ந்த காய்ந்த புல்லின் மேல் நிறுத்தாதீர்கள். சூடான புகைக்குழாய் பட்டால் தீப்பிடிக்கும். முன்னால் வண்டி போகும்போது லென்ஸ் மாற்றாதீர்கள். சாலைகளில் தூசி அடக்க மக்னீசியம் குளோரைடு தெளிக்கிறார்கள்; அதையும் மீறித் தூசி எழும், போதாக்குறைக்கு அந்த உப்புச் சேறும் காரின் அடியில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். ஊர் திரும்பியதும் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள்.

டல்லஸ் டிவைடில் வேலிக்கு அப்பால் தெரியும் புல்வெளி பெரும்பாலும் தனியார் பண்ணை நிலம். வேலியைத் தாண்டாதீர்கள். வேலியையே படத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய மரக்கம்புகள் அந்த நிலத்துக்குப் பொருந்தும்.

செப்டம்பர் 19

காற்றைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். உண்மையில் முதலில் எழுதியிருக்க வேண்டியது அதுதான். ஆஸ்பென் இலையின் காம்பு பக்கவாட்டில் தட்டையானது; ஆகையால் மற்ற மரங்கள் அசையாத மூச்சுக்காற்றுக்கும் இலை இரு பக்கமும் துடிக்கும். இதன் தாவரப்பெயரான 'பாப்புலஸ் ட்ரெமுலாய்டிஸ்' என்பதிலேயே நடுக்கம் இருக்கிறது. கோயில் அரசமரத்தின் சலசலப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள் அந்தக் காட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு நின்று பார்க்க வேண்டும். ஒலி அதற்கு மிக நெருங்கியது, கொஞ்சம் காய்ந்தது.

படமெடுப்பவருக்கு இது தொல்லை. ஷட்டர் 1/250 நொடியைவிட மெதுவாக இருந்தால் ஓர் இலையும் கூர்மையாக வராது. நான் 1/500 வைத்து, அதற்காகக் கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 800 வரை ஏற்றிவிடுகிறேன். வெவ்வேறு தொலைவில் குவியம் வைத்துப் பல படங்களை அடுக்கி இணைக்கும் முறை இங்கே பயன்படாது. ஒவ்வொரு படத்திலும் இலை வேறிடத்தில் இருக்கும். காற்று அடங்கியிருப்பது விடியலில்தான். இந்நாட்களில் சூரியன் ஏழு மணிக்கு எழுகிறது, பத்து மணிக்குள் காற்றும் எழுந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக, ஷட்டரை இரண்டு நொடி திறந்து வைத்து, தண்டுகள் அசையாமல் நிற்க இலைகள் புகையாகக் கரைவதையும் எடுக்கலாம். 1/15 மட்டும் வேண்டாம். அது கை நடுக்கத்தில் எடுத்த படம் என்றே எல்லோரும் நினைப்பார்கள், முக்காலியில் வைத்து எடுத்தது என்று நீங்கள் சத்தியம் செய்தாலும்.

செப்டம்பர் 22

செப்டம்பரில் அங்கே வேட்டைக் காலம் நடக்கிறது. வில்லுடன் வருபவர்களும் பழைய பாணித் துப்பாக்கியுடன் வருபவர்களும் அதே காட்டுக்குள் இருப்பார்கள். அக்டோபரில் ரைஃபிள் பருவமும் தொடங்கும். நீங்கள் வேட்டையாடாவிட்டாலும் ஒளிரும் ஆரஞ்சு நிற மேற்சட்டை அணிந்துகொள்ளுங்கள். சட்டம் ஒளிரும் இளஞ்சிவப்பையும் வேட்டைக்காரர்களுக்கு அனுமதிக்கிறது. எனக்கு அதை வாங்கும் துணிவு வரவில்லை.

அந்தச் சட்டையால் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. ஒரு தண்டின் அருகில் நின்று, யானைத் தோல் போன்ற அதன் பட்டையில் கண் போலிருக்கும் வடுக்களை எடுத்தேன். வீட்டில் பார்த்தால் பட்டையின் ஒரு பக்கம் முழுவதும் மெல்லிய ஆரஞ்சு. அரை மணி நேரம் வண்ணத் திருத்தத்தில் போராடிய பிறகுதான் அது என் சட்டையின் பிரதிபலிப்பு என்று விளங்கியது. ஆஸ்பென் பட்டை அவ்வளவு வெளுப்பு; தொட்டால் கையில் மாவு ஒட்டும். அருகில் உள்ள எந்த நிறத்தையும் அது வாங்கிக்கொள்ளும். மேலேயுள்ள இலைகளின் மஞ்சளையும் வாங்கும். நிழலில் வானத்தின் நீலத்தையும் வாங்கும். அந்த நீலத்தைக் குறையென்று எண்ணி முழுவதும் துடைத்துவிடாதீர்கள். இலையின் மஞ்சளை மஞ்சளாகக் காட்டுவதே அதுதான்.

யானைத் தோல் என்று எழுதினேன். படத்தைத் திரும்பப் பார்த்தேன், பொருந்தவில்லை. நீறு பூசிய சுவரில் கரிக்கட்டையால் கண் வரைந்தது போல என்று மாற்றிக்கொள்ளுங்கள். அடிமரத்தில் கரடுமுரடாகக் கறுத்திருப்பது வேறு. குளிர்காலத்தில் எல்க் மான்கள் பட்டையைக் கடித்துத் தின்ற தழும்பு.

செப்டம்பர் 26

மூன்று நாள் கெப்ளரில் இருந்துவிட்டு வந்தேன். உச்சம் என்று சொல்லப்படும் உச்சம். ஹார்ஸ் ரான்ச் பார்க் அருகே வண்டி நிறுத்த இடமில்லை. சாலைக்குத் தெற்கே ஈஸ்ட் பெக்வித் மலை, வடக்கே மார்சலினா மலை, இரண்டின் காலடியிலும் எல்லையில்லாத மஞ்சள். அறுநூறு படங்கள் எடுத்தேன். இரவில் விடுதியில் பார்த்தபோது ஒன்றும் என்னை நிறுத்தவில்லை. எல்லாம் மஞ்சளாக இருக்கும் இடத்தில் மஞ்சளுக்கு மதிப்பில்லை போலும்; பந்தி முழுவதும் பாயசம் பரிமாறியது மாதிரி.

மூன்றாம் நாள் தொலைவை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு, நான் சொன்ன அந்தப் பிடிவாதப் பச்சைக் கூட்டத்தைத் தேடிப் போனேன். அதைச் சுற்றி எலுமிச்சை நிறத்தில் ஒரு குடும்பம், அதற்கு மேல் செம்மஞ்சளில் இன்னொன்று. இரண்டு குடும்பங்களும் சேரும் எல்லை, வயல் வரப்பு போல அவ்வளவு தெளிவாகச் சரிவில் ஓடியது. 200 மில்லிமீட்டரில் அந்த வரப்பை மட்டும் எடுத்தேன்; வானமும் சிகரமும் அதில் இல்லை. அறுநூறில் எஞ்சியவை அந்த நான்கு படங்கள்தான்.

இவ்வாண்டு சில கூட்டங்களில் இலைகளில் கரும்புள்ளி நோய் இருக்கிறது. வசந்தம் ஈரமாக இருந்தால் பூஞ்சையால் வருவது. தொலைவிலிருந்து பார்த்தால் அந்தச் சரிவு மட்டும் தோசை கருகியது போல இருக்கும். அருகில் போய் எடுக்காதீர்கள். அல்லது அதையே எடுங்கள், புள்ளியுள்ள இலையில் நிறங்கள் அதிகம்.

செப்டம்பர் 27

கறுப்பு வெள்ளையில் ஆஸ்பென் எடுப்பது பைத்தியக்காரத்தனமா என்று இன்னொருவர் கேட்டார். ஆன்சல் ஆடம்ஸ் 1958இல் வட நியூ மெக்சிகோவில் எடுத்த ஆஸ்பென் படங்களைப் பாருங்கள். கிடையாக ஒன்று, நெடுக்காக ஒன்று. இருண்ட காட்டின் முன் மெல்லிய தண்டுகளும் தாமே ஒளிர்வது போன்ற இலைகளும் இருக்கின்றன. நிறம் இல்லை என்பது நினைவுக்கே வராது. மஞ்சள் வடிகட்டி மஞ்சள் இலையை வெளுப்பாக்கி, நீல நிழலைக் கருப்பாக்கும். கறுப்பு வெள்ளைக்கு ஆஸ்பென் கிடைத்த வரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 30

ஹியூஸ்டன் நண்பருக்கு ஒரு மன்னிப்பு. நேற்று இரவு அடித்த காற்றில் கணவாயின் மேற்பகுதி மொட்டையாகிவிட்டது. நான் 10ஆம் தேதி அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கக் கூடாது. குடும்பங்கள் வெவ்வேறு நாளில் மாறுகின்றன என்பது சரி. ஆனால் மாறி முடித்தவை எல்லாவற்றையும் ஒரே காற்று ஒரே இரவில் கூட்டிப் பெருக்கிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். 2020இல் செப்டம்பர் 8, 9 தேதிகளிலேயே பனி பெய்ததைப் பார்த்த நான் இதை மறந்திருக்க நியாயமில்லை.

இருந்தாலும் வாருங்கள். திட்டத்தை மட்டும் மாற்றுங்கள். முதலில், கெப்ளரின் மேற்குப் பாதிக்குப் போங்கள். அங்கே தாழ்ந்த சரிவுகளில் ஆஸ்பென் இன்னும் நிற்கிறது, அதன் காலடியில் கேம்பல் ஓக் புதர்கள் செங்கல் நிறத்தில் இருக்கின்றன. இரண்டாவது, மொட்டைக் காட்டை வெறுக்காதீர்கள். உதிர்ந்த இலைகள் முதல் இரண்டு நாள் தரையில் புதுநிறத்துடன் கிடக்கும், வண்டித் தடத்தின் நடுமேட்டில் அவை ஒரு கோடாகச் சேர்ந்திருக்கும். மூன்றாவது, பனி பெய்தால் அஞ்சாதீர்கள். மேலே வெண்மை, நடுவே ஸ்ப்ரூஸ் மரங்களின் கரும்பச்சை, கீழே மிச்ச மஞ்சள் என்ற அடுக்கு உச்ச வாரத்தில் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. லாஸ்ட் லேக் ஸ்லூ ஏரியில் ஈஸ்ட் பெக்வித்தின் பிம்பம் விழும் அந்தப் படத்தை நான் பனியோடுதான் எடுக்க விரும்புவேன்.

இவை எதுவும் கைகொடுக்காவிட்டால் ரிட்ஜ்வேக்குப் போய், அங்கம்பாக்ரே ஆற்றங்கரையில் இருக்கும் காட்டன்வுட் மரங்களை எடுங்கள். அவை ஆஸ்பெனுக்குப் பிறகுதான் மாறும்.

கடல்மட்டத்திலிருந்து நேரே 10,000 அடிக்கு ஏறாதீர்கள். முதல் இரவைத் தாழ்ந்த ஊரில் கழித்துவிட்டு, தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு ஏறுங்கள்.

அக்டோபர் 4

கணவாயில் பனி. சாலை திறந்திருக்கிறதா என்று காலையில் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். குளிர்காலத்தில் அந்தச் சாலையில் பனி அகற்றுவதில்லை. மூடினால் வசந்தம் வரை மூடியதுதான்.

அக்டோபர் 11

நண்பர் ஊர் திரும்பிப் படங்களை அனுப்பியிருக்கிறார். பனி மூடிய நாளில் பத்துப் படங்கள், மேற்குச் சரிவில் முப்பது. எதிலும் அரைத்த மஞ்சள் இல்லை. சிவப்பு அலைவரிசையை நன்றாகவே கண்காணித்திருக்கிறார். அவர் தயங்கித் தயங்கிக் கடைசியில் சேர்த்திருந்த படம்தான் எனக்குப் பிடித்தது: ஆற்றங்கரையில் வேலி, அதன் மேல் சாய்ந்த ஒரு மஞ்சள் கிளை, பின்னால் மங்கலாகப் பனிச்சிகரம். "ஆஸ்பெனின் கடைசி இலைகள்" என்று தலைப்பிட்டிருக்கிறார். இலைகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வில்லோ போல நீண்டு ஒடுங்கியிருக்கின்றன. அது குறுகிலைக் காட்டன்வுட். ஆஸ்பென் இலை வட்டமாக இருக்கும். தலைப்பை மாற்றுங்கள், படத்தில் கை வைக்காதீர்கள்.

அக்டோபர் 12

அவருடைய பனிப் படங்களுக்குப் பிறகு என் பழைய கோப்புகளைத் திறந்தேன். 2019 செப்டம்பர் 24இல் அதே சாலைக்குப் போய், காடு முக்கால்வாசி பச்சையாக இருப்பதைப் பார்த்துவிட்டு எரிச்சலோடு திரும்பியிருக்கிறேன். நாற்பது படங்கள்தான் எடுத்தேன். அவற்றில் ஒன்றில் பச்சைச் சரிவின் நடுவே ஒரே ஒரு குடும்பம் மட்டும், யாரோ விளக்கேற்றி வைத்தது போல மஞ்சளாக நிற்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக அதை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. இப்போது அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். வரவேற்பறையில் ஸ்னெஃபெல்ஸ் தொங்கிய ஆணி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அடுத்த ஆண்டு நான் அக்டோபர் 3 முதல் 8 வரை விடுப்புக் கேட்டிருக்கிறேன். செப்டம்பர் கடைசியில் காற்று அடித்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லாதீர்கள்.